சிற்றொலியும் பேரொலியும்

நுழையும்முன்

தொலைவில் வாழும் தாத்தா பாட்டியின் குரல் கைப்பேசி வழியே வீட்டுக்குள் வருகிறது. ஒருவர் காதில் வைத்தால் ஒருவருக்கு மட்டுமே கேட்கிறது. வீட்டிலுள்ள அனைவரும் கேட்க வேண்டுமெனில் அவ்வொலியைப் பெருக்கும் கருவி ஒன்று தேவை. அக்கருவி எவ்வாறு இயங்குகிறது, அதனைச் சிறு மின்சுற்றுப் பலகையாக வீட்டிலேயே எவ்வாறு அமைக்கலாம் என்பவற்றை இப்பாடம் விளக்குகிறது.

1. தொலைவும் குரலும்

1876ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் நாள் அலெக்சாண்டர் கிரகாம் பெல் தம் உதவியாளர் தாமஸ் வாட்சனைத் தொலைபேசி வழியே அழைத்தார். வாட்சன் அடுத்த அறையில் இருந்தார். 1915ஆம் ஆண்டு ஜனவரி 25ஆம் நாள் அதே இருவரும் மீண்டும் தொலைபேசியில் உரையாடினர். அப்போது பெல் நியூயார்க்கிலும் வாட்சன் சான்பிரான்சிஸ்கோவிலும் இருந்தனர். இருவருக்கும் இடையே 5,000 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நீளமுடைய கம்பி இருந்தது.

அடுத்த அறையிலிருந்து ஒரு கண்டத்தின் மறுகரையை எட்டுவதற்குக் குரலுக்கு ஏறத்தாழ 39 ஆண்டுகள் தேவைப்பட்டன. இதற்குக் காரணம் உண்டு. கம்பியில் செல்லும் மின்குறிப்பு, செல்லச் செல்ல மெலிகிறது. ஒரு தொலைவுக்குப் பின் அது இரைச்சலோடு கலந்து மறைந்துவிடுகிறது. மெலிந்த குறிப்பை வழியிலேயே மீண்டும் வலுப்படுத்தும் கருவி இருந்தால்தான் நெடுந்தொலைவுப் பேச்சு இயலும். லீ டி ஃபாரஸ்ட் 1906ஆம் ஆண்டு உருவாக்கிய ‘ஆடியன்’ என்னும் வெற்றிடக் குழாயைப் பொறியாளர்கள் மேம்படுத்தி, அத்தகைய பெருக்கிகளை அமைத்தனர். அவையே 1915ஆம் ஆண்டின் உரையாடலைக் கரைசேர்த்தன.

வெற்றிடக் குழாய்கள் கண்ணாடியால் ஆனவை, எளிதில் உடைபவை, மிகுந்த வெப்பத்தை வெளியிடுபவை. 1947ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஜான் பார்டீன், வால்ட்டர் பிராட்டெய்ன் ஆகியோர் டிரான்சிஸ்டர் என்னும் திண்மப் பொருளைக் கொண்டு பேச்சொலியைப் பெருக்கிக் காட்டினர். அவ்விருவருக்கும் அவர்தம் குழுத்தலைவர் வில்லியம் ஷாக்லிக்கும் 1956ஆம் ஆண்டு இயற்பியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. டிரான்சிஸ்டர் மக்கள் கைக்கு வந்த முதற்பொருள்களுள் ஒன்று செவித்துணைக் கருவியாகும். பின்னர், 1958ஆம் ஆண்டு ஜாக் கில்பி பல மின்னணு உறுப்புகளை ஒரே துண்டில் அமைத்துக் காட்டினார். அதுவே ஒருங்கிணைந்த சுற்று ஆகும். கடைகளில் அதனை ‘ஐ.சி.’ என்பர்.

இன்று புளியங்கொட்டை அளவே உள்ள ஓர் ஐ.சி. ஒரு பெருக்கியின் பணி முழுவதையும் செய்துவிடுகிறது. இப்பாடத்தில் கூறப்படும் ‘எல்.எம்.386’ அத்தகையது. எட்டுக் கால்களை உடைய அது, நெடுங்காலமாக மாணவர்களின் முதற்பெருக்கியாக விளங்கி வருகிறது.

2. பெருக்கி என்ன செய்கிறது?

பெருக்கி, சிறு ஒலியை இழுத்து நீட்டிப் பெரிதாக்குகிறது என்று பலரும் எண்ணுவர். உண்மை அதுவன்று.

மாடியில் உள்ள தண்ணீர்த் தொட்டியையும் அதிலிருந்து இறங்கும் குழாயையும் நினைத்துப் பார்க்கலாம். குழாயின் திருகை ஒரு குழந்தையின் விரலும் திருப்பிவிடும். ஆனால், அதனால் பாயும் நீரின் வலிமை குழந்தையின் விரலிலிருந்து வந்ததன்று, தொட்டியிலிருந்து வந்தது. விரல் செய்வது ஒன்றே. எப்போது மிகுதியாகப் பாய வேண்டும், எப்போது குறைவாகப் பாய வேண்டும் என்று அது கட்டளை இடுகிறது.

பெருக்கியிலும் இவ்வாறே நிகழ்கிறது. கைப்பேசியிலிருந்து வரும் மெல்லிய மின்குறிப்பு, திருகைத் திருப்பும் விரலைப் போன்றது. மின்கலங்கள் தண்ணீர்த் தொட்டியைப் போன்றவை. மின்கலங்களின் ஆற்றல், மெல்லிய குறிப்பின் வடிவத்தை ஏற்று, அதே வடிவத்தில் பெரிதாக வெளிவருகிறது.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் புலனாகின்றன.

முதலாவது, பெருக்கியால் தொட்டியில் இல்லாத நீரைத் தர இயலாது. எல்.எம்.386 தன்னிடம் வரும் மின்னழுத்தத்தை 20 மடங்காக்கும். உள்ளே 0.1 வோல்ட் வந்தால் வெளியே 2 வோல்ட் வரும். உள்ளே 0.5 வோல்ட் வந்தால் வெளியே 10 வோல்ட் வர வேண்டும். ஆயினும், 9 வோல்ட் மின்கல அடுக்கில் இயங்கும் இப்பெருக்கியின் வெளியீடு நடுநிலையான 4.5 வோல்ட்டிலிருந்து மேலும் கீழும் அசைகிறது. எப்பக்கமும் 4.5 வோல்ட்டுக்கு மேல் செல்ல அதற்கு இடமில்லை. எனவே, அலையின் உச்சிகள் கத்தியால் சீவியதுபோல் தட்டையாகின்றன. அத்தட்டையே காதுக்குக் கரகரப்பாகக் கேட்கிறது.

இரண்டாவது, பெருக்கிக்கு நல்லது எது, தீயது எது என்று தெரியாது. உள்ளே வரும் குரலை அது 20 மடங்காக்குகிறது. உள்ளே வரும் இரைச்சலையும் 20 மடங்காக்குகிறது. சரியாகப் பற்றாத ஓர் இணைப்பு, நீண்டு தொங்கும் ஒரு கம்பி ஆகியவற்றின் சிறு குறையும் அறை முழுவதும் கேட்கும் குறையாகிவிடும்.

இதனால் நேரும் இழப்பு சிறிதன்று. தமிழில் ல, ள, ழ ஆகிய மூன்றும் நெருங்கிய ஒலிகள். அவற்றைப் பிரித்தறிய உதவும் நுண்ணிய வேறுபாடு கரகரப்பில் எளிதில் மறைந்துவிடும். பாட்டி கூறியது ‘பழம்’ என்றா, ‘பலம்’ என்றா எனக் கேட்பவர் தடுமாற நேரும். ஆகவே, பெரிதாக்குவது பெருக்கியின் பாதிக் கடமையே. உள்ளதை உள்ளவாறே பெரிதாக்குவதுதான் அதன் முழுக் கடமை. பின்வரும் ஒவ்வொரு படியும் அக்கடமைக்காகவே அமைந்தது.

3. உறுப்புகளும் அவற்றின் பணிகளும்

தேவையான பொருள்கள்:

• எல்.எம்.386 ஐ.சி. – 1, அதனைப் பொருத்தும் எட்டுக்கால் சாக்கெட் – 1
• 10 கிலோ ஓம் ஒலியளவுக் குமிழ் – 1
• 1 கிலோ ஓம் மின்தடை – 2; 10 ஓம் மின்தடை – 1
• 220 மைக்ரோஃபாரட், 100 மைக்ரோஃபாரட், 10 மைக்ரோஃபாரட் மின்தேக்கிகள் – ஒவ்வொன்று (16 வோல்ட் அல்லது அதற்கு மேல் தாங்குபவை)
• 0.1 மைக்ரோஃபாரட், 0.047 மைக்ரோஃபாரட் மின்தேக்கிகள் – ஒவ்வொன்று
• 8 ஓம், 1 வாட் ஒலிபெருக்கி – 1
• 1.5 வோல்ட் மின்கலங்கள் – 6. அவற்றுக்கான கூடு, நிலைமாற்றி
• கைப்பேசியுடன் இணைக்கும் 3.5 மில்லிமீட்டர் பின், கம்பிகள்

இவற்றை வாங்குவதற்கு ஒவ்வொரு பெருநகரிலும் புகழ்பெற்ற இடம் உண்டு. தில்லியில் செங்கோட்டைக்கு எதிரே உள்ள லஜ்பத் ராய் சந்தை, மும்பையில் லாமிங்டன் சாலை, பெங்களூருவில் எஸ்.பி. சாலை, சென்னையில் ரிச்சி தெரு ஆகியவை அத்தகையவை. அங்கெல்லாம் மின்தடையை ‘ரெசிஸ்டர்’ என்றும் மின்தேக்கியைக் ‘கெபாசிட்டர்’ என்றும் ஒலியளவுக் குமிழை ‘வால்யூம் கண்ட்ரோல்’ என்றும் கேட்டால் உடனே கிடைக்கும்.

ஒவ்வோர் உறுப்பும் ஏன் அங்கு இருக்கிறது என்பதை அறிந்து பொருத்துவதே முறையாகும்.

உள்ளீடு: கைப்பேசி இடம், வலம் என இரண்டு ஒலிகளைத் தருகிறது. இங்கே உள்ள ஒலிபெருக்கி ஒன்றுதான். இரண்டு கம்பிகளையும் நேரடியாக முறுக்கி இணைத்தால் கைப்பேசியின் இரு வெளியீடுகளும் ஒன்றோடொன்று மோதும். ஆகவே, ஒவ்வொன்றும் ஒரு 1 கிலோ ஓம் மின்தடை வழியே வந்து ஒன்றுசேர்கிறது. சேர்ந்த இடம் குமிழின் ஓர் ஓரக்காலில் இணைகிறது. மற்றோர் ஓரக்கால் பொதுத்தரைக்குச் செல்கிறது. மின்கல அடுக்கின் எதிர்முனையோடு சேரும் பொதுப்பாதையே பொதுத்தரை எனப்படும். பின்னின் அடிப்பகுதியிலிருந்து வரும் மூன்றாம் கம்பியும் பொதுத்தரையில்தான் இணைய வேண்டும். குமிழின் நடுக்கால் ஐ.சி.யின் 3ஆம் காலில் இணைகிறது. 2ஆம் காலும் 4ஆம் காலும் பொதுத்தரையில் இணைகின்றன.

வெளியீடு: 5ஆம் காலிலிருந்து பெருகிய குறிப்பு வெளிவருகிறது. அதில் மேலே கூறிய 4.5 வோல்ட் நிலைத்த அழுத்தமும் கலந்திருக்கும். அது ஒலிபெருக்கிக்குள் பாய்ந்தால் அதன் சுருள் சூடேறிக் கெடும். 220 மைக்ரோஃபாரட் மின்தேக்கி அந்நிலைத்த அழுத்தத்தைத் தடுத்து, அசையும் ஒலிக்குறிப்பை மட்டும் விடுகிறது. 8 ஓம் ஒலிபெருக்கியுடன் இணையும்போது, ஏறத்தாழ 90 ஹெர்ட்சுக்குக் கீழ்ப்பட்ட தாழ்ந்த ஒலிகளை அது குறைத்துவிடும். மனிதப் பேச்சுக்கு இது பெரும் குறையன்று. மின்தேக்கியின் நேர்முனை 5ஆம் காலை நோக்கியே இருத்தல் வேண்டும்.

அமைதி காப்பவை: 0.047 மைக்ரோஃபாரட் மின்தேக்கியும் 10 ஓம் மின்தடையும் ஒன்றன்பின் ஒன்றாக 5ஆம் காலுக்கும் பொதுத்தரைக்கும் இடையே அமைகின்றன. பெருக்கி, காதுக்குக் கேளாத உயர்ந்த அதிர்வெண்ணில் தானாக அதிரத் தொடங்காதவாறு இவை காக்கின்றன. 100 மைக்ரோஃபாரட், 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கிகள் மின்கல அழுத்தம் நுழையும் 6ஆம் காலுக்கும் பொதுத்தரைக்கும் இடையே, ஐ.சி.க்கு மிக அருகில் அமைகின்றன. ஒலி திடீரென ஓங்கும்போது ஏற்படும் மின்னோட்டத் தேவையை இவை நிறைவு செய்கின்றன. 10 மைக்ரோஃபாரட் மின்தேக்கி 7ஆம் காலுக்கும் பொதுத்தரைக்கும் இடையே அமைந்து, மின்வழங்கியிலிருந்து வரும் இரைச்சலைக் குறைக்கிறது.

1ஆம் காலும் 8ஆம் காலும் எதனோடும் இணைக்கப்படுவதில்லை. அவற்றுக்கு இடையே 10 மைக்ரோஃபாரட் மின்தேக்கியை இணைத்தால் பெருக்கம் 20 மடங்கிலிருந்து 200 மடங்காக உயரும். ஆனால், இரைச்சலும் அவ்வாறே உயரும். கைப்பேசியின் குறிப்புக்கு 20 மடங்கே மிகையாகப் போதும்.

4. பலகை உருவாகும் முறை

முதலில் துளைகள் நிறைந்த ‘பிரெட்போர்டு’ பலகையில் உறுப்புகளைச் செருகி, சுற்று இயங்குகிறதா என்று காண வேண்டும். அதில் பற்றவைக்கத் தேவையில்லை. பிழையை உடனே பிடுங்கித் திருத்தலாம். அங்கே இயங்கிய சுற்றே நிலையான பலகைக்குச் செல்ல வேண்டும்.

நிலையான பலகை, ஒரு பக்கத்தில் செம்புத்தகடு ஒட்டிய கண்ணாடியிழைப் பலகையாகும். அச்செம்பின் தடிமன் பெரும்பாலும் 0.035 மில்லிமீட்டரே. இணைப்புக் கோடுகள் இருக்க வேண்டிய இடங்களில் அழியாத மையால் வரைந்துவிட்டு, ஃபெரிக் குளோரைடு கரைசலில் பலகையை இட்டால், மை மூடாத செம்பு கரைந்துவிடும். மை மூடிய செம்பு கோடுகளாக எஞ்சும். கரைசலின் வெம்மையையும் அடர்வையும் பொறுத்து இதற்குக் கால் மணி முதல் அரை மணி நேரம் ஆகலாம். பின்னர் பலகையை நீரில் கழுவி, மையைத் துடைத்து, உறுப்புகளின் கால்கள் நுழையச் சிறு துளைகள் இட வேண்டும்.

இங்கு மாணவர் பெரும்பாலும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. உறுப்புகள் பலகையின் மேற்பக்கத்தில் அமர்கின்றன; செம்புக் கோடுகள் கீழ்ப்பக்கத்தில் உள்ளன. ஐ.சி.யை மேலிருந்து பார்க்கையில், பள்ளம் உள்ள முனை மேலே இருக்குமாறு வைத்தால், இடப்பக்க மேற்கால் 1ஆம் கால் ஆகும். அங்கிருந்து இடப்பக்கமாகக் கீழிறங்கி, வலப்பக்கமாக மேலேறி எண்ண வேண்டும். செம்புப் பக்கத்திலிருந்து பார்த்தால் இவ்வரிசை தலைகீழாகிவிடும். மெல்லிய தாளில் ‘தமிழ்’ என்று எழுதி, தாளின் பின்பக்கத்தை வெளிச்சத்தில் பார்த்தால் எழுத்துகள் இடம் வலமாக மாறித் தெரியும். அதுபோன்றதே இதுவும். ஆகவே, உறுப்புகளின் வரைபடத்தை மெல்லிய தாளில் வரைந்து, தாளைத் திருப்பி, பின்பக்கம் தெரியும் வடிவத்தையே செம்பில் வரைய வேண்டும். இதனை மறந்தால், அழகாக முடிந்த பலகையும் பயனற்றுப் போகும்.

கோடுகளை அமைப்பதிலும் ஒழுங்கு வேண்டும். ஒலிபெருக்கியிலிருந்து திரும்பும் வலிய மின்னோட்டமும் உள்ளீட்டின் மெல்லிய குறிப்பும் ஒரே குறுகிய தரைக்கோட்டைப் பகிர்ந்துகொள்ளுதல் கூடாது. அவை தனித்தனியே மின்கல அடுக்கின் எதிர்முனையை அடைதல் நன்று. பொதுத்தரைக் கோடு அகலமாக இருத்தலும் நன்று.

கவனம்: ஃபெரிக் குளோரைடு தோலையும் துணியையும் கறைப்படுத்தும், கண்ணில் பட்டால் பெருந்தீங்கு தரும். ஆகையால், பெரியவர் ஒருவர் உடனிருக்க, கையுறையும் கண்கவசமும் அணிந்து, காற்றோட்டமான இடத்தில், நெகிழித் தட்டில் மட்டுமே இப்பணியைச் செய்தல் வேண்டும். சமையல் பாத்திரங்களை இதற்குப் பயன்படுத்தலாகாது. பயன்படுத்திய கரைசலில் செம்பு கலந்திருக்கும். அது நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சு. அதனைச் சாக்கடையில் ஊற்றாமல், பெயரெழுதிய நெகிழிப் புட்டியில் வைத்து மீண்டும் பயன்படுத்தலாம். வலுவிழந்த கரைசலைப் பள்ளி வேதியியல் ஆய்வக ஆசிரியரிடம் ஒப்படைக்கலாம். கரைசலைக் கையாள வசதியில்லாதவர்கள், செம்புப் புள்ளிகள் இட்டு ஆயத்தமாகக் கிடைக்கும் பொதுப்பயன் பலகையை வாங்கிக் கம்பிகளால் இணைத்துக்கொள்ளலாம்.

5. பற்றவைத்தல்

உறுப்புகளின் கால்களைச் செம்போடு இணைக்கும் உலோகக் கலவை பற்றாசு எனப்படும். வெள்ளீயமும் காரீயமும் கலந்த பற்றாசு 183 முதல் 190 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் உருகும். பற்றுக்கோலின் முனையோ 300 டிகிரிக்கும் மேல் சூடாக இருக்கும். எனவே, அதனை உரிய தாங்கியில் மட்டுமே வைக்க வேண்டும். இப்பணிக்கும் பெரியவர் துணை தேவை. எழும் புகையை முகர்தல் கூடாது. வேலை முடிந்ததும் கைகளைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும்.

பற்றாசை நேரடியாகக் கோலின் முனையில் உருக்கி இணைப்பின் மேல் தடவுவது தவறான முறை. முதலில் செம்புப் புள்ளியையும் உறுப்பின் காலையும் சேர்த்துக் கோலால் சூடாக்க வேண்டும். ஓரிரு நொடிகளில் அவை சூடேறியதும் பற்றாசுக் கம்பியை அவற்றின் மேல் தொட்டால், அது தானே உருகிப் பரவும். நல்ல இணைப்பு காலை நோக்கிச் சரிந்தேறி, கூம்பு வடிவில் பளபளப்பாக இருக்கும். தீய இணைப்பு உருண்டையாகத் திரண்டு, மங்கிக் காணப்படும். அது பார்வைக்குப் பற்றியதுபோல் இருக்கும், உள்ளே பற்றியிராது. பெரும்பாலான கரகரப்புகளுக்கும் விட்டுவிட்டுக் கேட்கும் ஒலிக்கும் இதுவே காரணம்.

ஐ.சி.யை நேரடியாகப் பற்றவைக்காமல் சாக்கெட்டைப் பற்றவைத்து, அது ஆறியபின் ஐ.சி.யைப் பொருத்துதல் நன்று. ஐ.சி.க்கு வெப்பத்தால் தீங்கு நேராது. பழுதானால் மாற்றுவதும் எளிது.

பற்றாசு என்னும் சொல் தமிழுக்குப் புதிதன்று. பொற்கொல்லர் நகையின் துண்டுகளை இணைக்கப் பயன்படுத்துவதும் பற்றாசே. யாப்பிலக்கணத்திலும் அது இடம்பெற்றுள்ளது. வெண்பாவில் முதற்பகுதியையும் தனிச்சொல்லையும் இணைக்கும்போது, ஓசை பொருந்துவதற்காக இடையில் ஓரிரு அசைகளைச் சேர்ப்பதுண்டு. அவ்வசைகளுக்கு ‘ஆசு’ என்று பெயர். பொன்னை இணைக்கும் பொருளின் பெயரைச் சொல்லை இணைக்கும் அசைக்கும் முன்னோர் வழங்கினர்.

6. முதல் ஒலி

மின்கலங்களை இணைக்கும் முன் ஒவ்வோர் இணைப்பையும் வரைபடத்தோடு ஒப்பிட வேண்டும். மின்தேக்கிகளின் நேர்முனையும் எதிர்முனையும் மாறவில்லை என்று உறுதி செய்ய வேண்டும். உருளை வடிவ மின்தேக்கியின் உடலில் பட்டை உள்ள பக்கம் எதிர்முனையாகும். அருகருகே உள்ள இரு கோடுகளைப் பற்றாசுத் துளி ஏதும் இணைத்துவிடவில்லை என்றும் காண வேண்டும்.

பின்னர், குமிழை முற்றிலும் குறைத்து வைத்து மின்கலங்களை இணைக்கலாம். கைப்பேசியை இன்னும் இணைக்கலாகாது. மல்டிமீட்டரால் அளந்தால், அமைதியாக இருக்கும் பெருக்கி ஏறத்தாழ 4 மில்லி ஆம்பியர் மின்னோட்டத்தையே எடுக்கும். அளவு இதனைவிடப் பன்மடங்காக இருந்தாலோ, ஐ.சி. சுட்டாலோ உடனே மின்கலங்களைக் கழற்ற வேண்டும். 5ஆம் காலுக்கும் பொதுத்தரைக்கும் இடையே ஏறத்தாழ 4.5 வோல்ட் இருந்தால் பெருக்கி நலமாக உள்ளது என்று பொருள்.

அதன்பின் கைப்பேசியை இணைத்து, குமிழைச் சிறிது சிறிதாக உயர்த்தலாம். பின் செருகும் துளை இல்லாத கைப்பேசிக்கு அதற்கேற்ற இணைப்பி தேவைப்படும். வீட்டு மின்செருகியிலிருந்து வரும் 230 வோல்ட் மின்சாரத்தை இச்சுற்றோடு ஒருபோதும் தொடர்புபடுத்தலாகாது. அது உயிருக்கே ஊறு விளைக்கும். ஆறு மின்கலங்களே இதற்குப் போதும்.

7. பிழையைத் தேடுதல்

முதல் முயற்சியிலேயே ஒலி வராமல் போவது இயல்பு. அப்போது பலகையை ஒதுக்கிவிடாமல், கேட்பதைக் கொண்டு காரணத்தை அறிய வேண்டும்.

• ஒலியே இல்லை: 6ஆம் காலில் 9 வோல்ட் வருகிறதா, ஐ.சி. திசைமாறி அமர்ந்துள்ளதா, ஒலிபெருக்கிக் கம்பி விடுபட்டுள்ளதா என்று வரிசையாகப் பார்க்க வேண்டும்.
• இடைவிடாத உறுமல்: உள்ளீட்டுத் தரைக்கம்பி விடுபட்டிருக்கலாம். சுவரில் ஓடும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் தாக்கத்தை நீண்ட உள்ளீட்டுக் கம்பி ஏற்கிறது. பெருக்கி அதனையும் பெருக்குகிறது. கம்பியைச் சுருக்க வேண்டும்.
• ‘டப் டப்’ என்ற ஓசை: மின்கலங்கள் வலுவிழந்திருக்கலாம், அல்லது 100 மைக்ரோஃபாரட் மின்தேக்கி சரியாகப் பற்றாமல் இருக்கலாம்.
• ஓங்கும்போது மட்டும் கரகரப்பு: உள்ளே வரும் குறிப்பு மிகுந்துவிட்டது. குமிழைக் குறைக்க வேண்டும்.
• தொட்டால் வரும், விட்டால் மறையும் ஒலி: பற்றாத இணைப்பு. மங்கிய உருண்டையைத் தேடி மீண்டும் சூடாக்க வேண்டும்.

ஒரே நேரத்தில் இரண்டு மாற்றங்களைச் செய்யாதிருத்தல் நன்று. இரண்டை மாற்றிய பின் ஒலி வந்தால், பிழை எதில் இருந்தது என்பது தெரியாமலே போய்விடும்.

எல்லாம் சரியாக அமைந்தபின் இச்சிறு பலகை தரும் ஆற்றல் அரை வாட் அளவே. திருவிழாப் பந்தலுக்கு அது போதாது. ஒரு வீட்டின் கூடத்துக்குப் போதும். ஊரிலிருந்து பேசும் ஒருவர் குரலை உயர்த்தாமல் பேச, நகரத்து வீட்டில் நால்வர் ஒருங்கே அமர்ந்து ஒவ்வொரு சொல்லையும் தெளிவாகக் கேட்கலாம்.

அருஞ்சொற்பொருள்

பெருக்கி – சிறு மின்குறிப்பைப் பெரிதாக்கும் சுற்று
ஒலிபெருக்கி – மின்குறிப்பை ஒலியாக மாற்றித் தரும் கருவி, ஸ்பீக்கர்
மின்தடை – மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் உறுப்பு
மின்தேக்கி – மின்னூட்டத்தைத் தேக்கி வைக்கும் உறுப்பு
அதிர்வெண் – ஒரு நொடியில் நிகழும் அதிர்வுகளின் எண்ணிக்கை
பற்றாசு – உலோகங்களை இணைக்க உருக்கியிடும் கலவை
ஊறு – தீங்கு

மொழியை அறிவோம்

தன்வினையும் பிறவினையும்: ‘ஒலி பெருகியது’ என்னும் தொடரில் பெருகுதல் எழுவாயின் செயல். இது தன்வினை. ‘சுற்று ஒலியைப் பெருக்கியது’ என்னும் தொடரில் எழுவாய் பிறிதொன்றைப் பெருகச் செய்கிறது. இது பிறவினை. ஒலி தானே பெருகுவதில்லை. மின்கலத்தின் ஆற்றலால் பெருக்கப்படுகிறது. இவ்வறிவியல் உண்மையை ஒரு ககர மெய் காட்டிவிடுகிறது. பற்றாசு உருகுகிறது, கோல் அதனை உருக்குகிறது.

வல்லினம் மிகுதலும் மிகாமையும்: இரண்டாம் வேற்றுமை உருபு வெளிப்படையாக வரும்போது வல்லினம் மிகும். (எ.கா.) ஒலியைப் பெருக்கும். உருபு மறைந்துவரும் தொகையில் வல்லினம் மிகாது. (எ.கா.) ஒலிபெருக்கி.

பயிற்சி

அ. சரியா, தவறா எனக் காண்க. தவறாயின் திருத்தி எழுதுக.
1. பெருக்கியின் வெளியீட்டு ஆற்றல் கைப்பேசியிலிருந்தே வருகிறது.
2. செம்புப் பக்கத்திலிருந்து பார்த்தால் ஐ.சி. கால்களின் வரிசை மாறித் தெரியும்.
3. நன்கு பற்றிய இணைப்பு மங்கிய உருண்டையாக இருக்கும்.

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. 1876, 1915 ஆகிய ஆண்டுகளில் நிகழ்ந்த இரு உரையாடல்களுக்கும் இடையே உள்ள வேறுபாடு யாது?
2. 220 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒலிபெருக்கியை எவ்வாறு காக்கிறது?
3. பயன்படுத்திய கரைசலைச் சாக்கடையில் ஊற்றலாகாது. ஏன்?
4. 20 மடங்கு பெருக்கும் சுற்றில் 0.05 வோல்ட் நுழைந்தால் வெளியீடு எவ்வளவு? 0.4 வோல்ட் நுழைந்தால் என்ன நிகழும்?

இ. விரிவாக விடை எழுதுக.
1. தண்ணீர்த் தொட்டி உவமை பெருக்கிக்கு எவ்வாறு பொருந்துகிறது? எங்கே பொருந்தவில்லை என்று நீங்கள் கருதுகிறீர்கள்?
2. ‘உள்ளதை உள்ளவாறே பெரிதாக்குவதுதான் அதன் முழுக் கடமை’ – இக்கருத்தைப் பாடத்தின் சான்றுகளோடு விளக்குக.

ஈ. பிறவினையாக மாற்றுக.
அடங்கு, இறங்கு, ஓடு, சுழல், கூடு

உ. பிரித்து எழுதுக.
சிற்றொலி, பேரொலி, மின்னோட்டம், முதற்பெருக்கி

ஊ. செயல்திட்டம்
1. இப்பாடத்தில் வரும் பத்து உறுப்புகளுக்குத் தமிழ்ப் பெயர், கடையில் வழங்கும் பெயர், நீங்கள் வாழும் மாநில மொழிப் பெயர் ஆகியவற்றை அட்டவணையாக எழுதுக.
2. பழம் – பலம், வாழை – வாளை, கழி – களி, மழை – மலை ஆகிய இணைச்சொற்களை வீட்டிலுள்ள பெரியவர் ஒருவர் கைப்பேசியில் பதிவு செய்யட்டும். குமிழைக் குறைத்தும், கரகரக்கும் அளவுக்கு உயர்த்தியும் அப்பதிவைக் கேட்க. எந்நிலையில் எச்சொற்களைப் பிரித்தறிய இயலவில்லை என்று குறித்து, வகுப்பில் உரைக்க.